கேட்லாக் மாட்டிய ஸ்பிரிங்

தங்கையின் புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆளை மனிதக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பது பட்டறைக்காரரின் நெடுநாள் மனக்குறை. அந்த உறவை மட்டும் கழித்துவிட்டால், அந்த ஆளைப் பற்றி எழுத ஒரு தபால் அட்டையே அதிகம். ஆனால் தங்கை என்பவள் கழற்றிப் போடுகிற சாமான் இல்லையே. அதனால் அந்த ஆளின் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார். அது இன்னும் ஆபத்து.

ஊரில் அவருக்கு கேட்லாக் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ கிடக்கிறது. எந்தச் சாமானாக இருந்தாலும் அதன் விவரப் புத்தகத்தை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துவிடுவார். சாமானை வாங்க மாட்டார். புத்தகத்தை மட்டும் வயிற்றின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு சாமானின் மூக்கை இன்னொரு சாமானின் முகத்தில் ஒட்டவைக்க முடியுமா என்று யோசிப்பார். "ஒரே கம்பெனிதானே, மாட்டிடலாம்" என்பது அவர் வாயைத் திறந்தால் விழுகிற முதல் சொல். துணி ஆலை அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத கை அது. அந்தக் கைக்கு ஸ்பேனர் ஆசை வந்ததுதான் குடும்பத்தைப் பிடித்த சனி.

அவர் வீட்டுக்குள் நுழைந்தால் எது எதனுடையது என்று தெரியாது. சமையலறை ஜன்னல் ஒரு பழைய பேருந்திலிருந்து வந்தது. இழுத்தால் பாதிதான் திறக்கும். மீதியைத் திறக்க நடத்துனரைத்தான் கூப்பிட வேண்டும். பாத்திரம் கழுவுகிற இடத்துக் குழாய், ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முழங்கையால் தள்ளிக் கை கழுவுவார்களே, அந்த ஜாதி. துணி துவைக்கிற யந்திரத்துக்கு வேறொரு யந்திரத்தின் மூடி. அது மூடியிருக்கிறது என்று யந்திரத்தை நம்பவைக்க, மேலே ஒரு செங்கல் வைக்க வேண்டும். குளிர்பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியாது. மூடினால் எரிகிறதா என்பதை உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

பட்டறைக்காரர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ஓங்கிய பிரம்பைப் பிடித்து ஒடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், திரும்பிப் போகவில்லை. கிரீஸ் சட்டி கழுவித் தொடங்கி, இன்றைக்குக் குழி வெட்டிய, தகரம் வேய்ந்த, ஆட்கள் நிற்கிற சொந்தப் பட்டறைக்கு முதலாளி. ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, எந்தச் சக்கரத்து பேரிங் போயிருக்கிறது என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லுவார். படித்த என்ஜினியர்கள் அவர் முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். இதை அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், ஆகவே இது எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவருக்குத் தங்கை ஒருத்தி. அவளுக்கு வாய்த்தது கேட்லாக்.

கேட்லாக்கிடம் ஒரு கார் இருந்தது. ஒரு பல் டாக்டர் போதும் என்று கைகழுவியது. கம்பெனி அந்த மாடலையே மறந்துபோய், அதற்கு உதிரி பாகம் செய்வதை நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. பட்டறைக்காரர் அதைப் பார்த்த அன்றைக்கே சொன்னார்: "மாப்பிள்ளை, இது காரு இல்ல. சக்கரம் வெச்ச அலமாரி." என்னதான் கரித்துக்கொட்டினாலும் 'நீங்க', 'வாங்க' என்றுதான் பேசுவார். தங்கை புருஷனுக்குக் கொடுக்கிற மரியாதையில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. மரியாதையோடு திட்டினால்தான் நன்றாக இறங்கும் என்பது அவருடைய அனுபவம்.

ஆனால் அந்த அலமாரிக்கும் ஒரு காலம் வந்தது. தங்கை மாடிப்படியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, முழங்கால் விறைத்துக்கொண்டது. வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து காலை மடக்கிப் பழக வேண்டும், நடுவில் விட்டால் அந்தக் கால் கட்டையாகவே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகிற வழியில் காலை நீட்டித்தான் வைத்திருக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இருப்பது சாமான் ஏற்றுகிற உயரமான வண்டி. அதில் அவளால் ஏற முடியாது. வாடகைக் கார் ஒன்றை அனுப்பிப் பார்த்தார். குறுகலான சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து போய், வீங்கிய முழங்காலோடு திரும்பினாள். கடைசியில் கேட்லாக்கின் காருக்குத்தான் அந்த யோகம். அதன் பின் சீட்டு ஒரு பெஞ்சு மாதிரி நீளம். கதவு அகலம். கதவில் தலையணை வைத்துச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு போகலாம்.

போகலாம்தான். ஆனால் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் உட்கார்ந்துபோய், ரப்பர் புஷ்களெல்லாம் பொடிப்பொடியாகி, குலுக்கலைத் தாங்குகிற ஷாக்குகள் எண்ணெய் கக்கிச் செத்துக் கிடந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் சக்கரங்களைத் தாங்குகிற ஆக்ஸில் மேலே வந்து 'டொக்' என்று அடிக்கும். அந்த அடி நேராகத் தங்கையின் தொடையில் போய் இறங்கும். ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், வாசலில் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே நான் போகல. கால் போனா போகட்டும்" என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் பட்டறைக்காரருக்குப் பயமாக இருந்தது. அவள் அழுதுகொண்டு சொன்னால் மனசு மாறுவாள். அழாமல் சொன்னால் சொன்னதுதான்.

"நான் சரிபண்ணித் தரேன்" என்றார் அவர். ஸ்பிரிங் அடிக்கிற ஆளிடம் அளவு கொடுத்து, புதிதாக அடித்துக் கொடுக்கச் சொன்னார். அந்த ஆள் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவனுடைய 'நாளைக்கு' எப்போது வரும் என்பது அவனுக்கே தெரியாது.

இந்த இடைவெளியில்தான் கேட்லாக் ஒரு காலைநேரத்தில் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அக்குளில் ஒரு புத்தகம். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. கிரீஸ் பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வருகிறவனைப் பார்த்தாலே பட்டறைக்காரருக்குக் கை துறுதுறுக்கும்.

"மச்சான், கண்டுபிடிச்சிட்டேன்!"

"எதை மாப்பிள்ளை? குளிர்பெட்டி லைட்டயா?"

ஆட்கள் சிரித்தார்கள். கேட்லாக் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. குழியின் ஓரத்தில் இருந்த டயரின் மேல் புத்தகத்தை விரித்தார்.

"நம்ம காருக்குப் பின்னாடி மாட்டற செட்டு எங்கேயும் கிடைக்காது, சரியா? ஆனா இதே கம்பெனி அப்புறமா பெரிய மாடல் ஒண்ணு விட்டான் பாருங்க. அதோட பின்பக்கம் அப்படியே இதுக்குப் பொருந்துது. ஸ்பிரிங்கு, ஷாக்கு, இந்தக் கை மாதிரி நீளமா இருக்கே ஆர்ம், எல்லாம். போல்ட்டு துளை கூட அதே இடத்துல. ஒரே கம்பெனிதானே!"

"ஒரே கம்பெனின்னா?" பட்டறைக்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கப்பனும் உங்கப்பனும் ஒரே கடையிலதான் சட்டை தைச்சாங்க. அதுக்காக எங்கப்பன் சட்டைய உங்கப்பனுக்கு மாட்டிவிட்டா, பட்டன் போடமுடியுமா?"

"மச்சான், படத்தைப் பாருங்க. அளவு போட்டிருக்கான்."

"படத்தைப் பாத்து நான் இத்தனை வருஷம் பொழைக்கல மாப்பிள்ளை. இரும்பைப் பாத்துப் பொழைச்சேன். அது பொருந்தாது. ஆர்ம் நீளம் மாறும், ஷாக்கு இடிக்கும். நான் சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க, உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே."

"பொருந்திட்டா?"

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு அது தெரியும். அவர் எழுந்து, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பொருந்தினா உங்க சாமர்த்தியம். ஆனா ஒண்ணு. அந்தக் கலவை வண்டியில என் காலு படாது. செத்தா கூட என்னை அதுல ஏத்தக்கூடாது. இது என் பேச்சு."

கேட்லாக் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "உங்களை யாரு ஏறச் சொன்னா? ஏற வேண்டியது உங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் வாயில் ஒரு நல்ல பதில் வந்தது அதுதான் முதல் தடவை. பட்டறைக்காரருக்கு அந்த டீ இறங்கவில்லை.

பெரிய மாடல் கார் ஒன்று எங்கோ முன்பக்கமாக மோதி நசுங்கி, பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கிறது. பின்பக்கம் கன்னி கழியாமல் இருந்ததாம். கேட்லாக் அதைக் கழற்றி எடுத்துவந்து, தன் வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து, வரிசையாகப் பரப்பி, புத்தகத்தில் இருக்கிற படத்தின்படியே அடுக்கி வைத்திருக்கிறார் என்று சேதி வந்தது. சேதி சொன்னது தங்கை மகள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் போனை எடுத்தால் கடையில் மருந்துக்கு நிற்கிறவன் செத்தான்.

"மாமா, அப்பா காரைத் தூக்கிட்டாரு."

"விழாம இருந்தா சரி."

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "மாமா, பழசெல்லாம் கழட்டிட்டாரு."

"கழட்டறதுக்கு என்ன? திருடன் கூடத்தான் கழட்டுவான்."

சாயங்காலம் மறுபடி. "மாமா... மாட்டிட்டாரு. எல்லாம் பொருந்திடுச்சு. ஒரு சுத்தியல் அடி கூட அடிக்கல. போல்ட்டெல்லாம் விரலாலயே ஏறுச்சாம்."

பட்டறைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார். போன் பொய் சொல்கிறதோ என்று. பிறகு சொன்னார்: "பொருந்தறது பெரிசு இல்லம்மா. செருப்பு கூடத்தான் பொருந்தும். நடந்து பாத்தாதான் கடிக்குதான்னு தெரியும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு எதுவும் ருசிக்கவில்லை. பெண்டாட்டி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். வாழ்க்கை முழுக்க உருப்படியாக ஒன்றும் செய்யாத ஒருவன், ஒன்றே ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால், அவன் இதுவரை சொதப்பியது எல்லாம் அதற்கான பயிற்சி என்று ஆகிவிடுமே! அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. மறுநாள் விடுமுறை, பட்டறை பூட்டியிருந்தது. காலையிலேயே தங்கை மகளின் போன் வந்தது. இந்த முறை குரல் வேறாக இருந்தது.

"மாமா, அம்மாவ உக்காரவெச்சுத் தெருவை ஒரு சுத்துதான் சுத்தினாரு. முன்னாடிய விட மோசம். மேடு ஏறும்போது தூக்கிப் போட்டுடுச்சு. அம்மா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும். வரமாட்டேன்னு சொல்றாங்க. நீங்க வாங்க."

பட்டறைக்காரர் கிளம்பும்போது அவருக்குள் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் அண்ணன், தங்கையின் காலை நினைத்து எட்டிப் போட்டு நடந்தவர். இன்னொருவர் முதலாளி, விசிலடித்துக்கொண்டு போனவர். முற்றத்தில் காரைப் பார்த்ததும் முதலாளி முந்திக்கொண்டார்.

கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூக்கு தரையை மோப்பம் பிடித்தது, வால் வானத்தைப் பார்த்தது. தேள் ஒன்று கொட்டத் தயாராக நிற்கிற மாதிரி.

"அடேங்கப்பா! மாப்பிள்ளை, இது காரா, சறுக்கு மரமா? பிள்ளைங்க விளையாட விட்டிருக்கீங்களா?"

கேட்லாக் படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை கருப்பாகியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. முதல் தடவையாக அவர் கையில் புத்தகம் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் மாட்டினேன் மச்சான். ஏன் இப்படி நிக்குதுன்னு தெரியல."

பட்டறைக்காரர் பின்பக்கம் போய், டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, தன் முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். அவர் சாதாரண உடம்புக்காரர் இல்லை. அவர் சாய்ந்தால் லாரியே ஒரு முறை யோசிக்கும். கார் அசையவில்லை. முனகியது. அவ்வளவுதான். அந்த முனகல் போதும் அவருக்கு.

"எப்படி முறுக்கினீங்க?"

"நல்லா இறுக்கித்தான். என் பலம் பூரா போட்டு."

"உங்க பலத்தை விடுங்க, அது கதை. வண்டி எங்க இருந்துச்சு, முறுக்கும்போது?"

"ஜாக்கி மேல. சக்கரம் ரெண்டும் தொங்கிக்கிட்டு. வசதியா இருந்துச்சு."

"தொங்கிக்கிட்டு!" பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. "தொங்கிக்கிட்டு இருக்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கினாராம்! ஏம்மா, உங்கப்பா துணி துவைப்பாரா?"

தங்கை மகள், இல்லை என்று தலையாட்டினாள்.

"அதான். இதைக் கேளு. அந்த ஆர்ம் முனையில ரப்பர் புஷ் இருக்கு. போல்ட்டை இறுக்கினா அந்த ரப்பரை நடுவுல பிடிச்சுக்கும். சக்கரம் கீழ தொங்கும்போது பிடிச்சுட்டா, வண்டியத் தரையில எறக்கினதும் ஆர்ம் மேல ஏறும், ரப்பர் ஈரத்துணியப் பிழியற மாதிரி முறுக்கிக்கும். பிழிஞ்ச துணி என்ன பண்ணும்? திரும்பிப் பிரியப் பாக்கும். அதான் உங்கப்பா காரு வாலத் தூக்கிக்கிட்டு நிக்குது. இப்படியே ஓட்டினா கொஞ்ச நாள்ல ரப்பர் கிழிஞ்சு தொங்கும். வண்டி தரையில நிக்கணும், மேல ஆள் உக்காந்திருக்கணும், அப்புறம்தான் கடைசி முறுக்கு. கிரீஸ் சட்டி கழுவறவனுக்குக் கூடத் தெரியும்."

கேட்லாக் தலையை நிமிர்த்தினார். "படத்துல அப்படி இல்லயே மச்சான்."

"படத்துல என்ன இருந்துச்சு?"

"எல்லாம் தனித்தனியா... அந்தரத்துல இருந்துச்சு."

அந்த ஆளின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. படத்தில் போல்ட்டு அந்தரத்தில் மிதக்கும், ஸ்பிரிங் அந்தரத்தில் மிதக்கும், எதன் மேலும் எதுவும் உட்காராது, எதற்கும் கனம் கிடையாது. இந்த ஆளும் அப்படியேதான் மிதந்துகொண்டு வந்திருக்கிறார். இதுவரை தரையில் இறக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"சரி. நாலு மரக்கட்டை கொண்டாங்க. தடிமனா. நாலு சக்கரத்துக்கு அடியிலயும் வைக்கணும், நான் உள்ள போகணும்."

"நீங்களா மாமா? ஆள் யாரையாவது..."

"இன்னிக்கு லீவு. ஆளுங்களக் கூப்பிட்டு இந்தத் தேளைக் காட்டி என் மானத்தை வாங்கச் சொல்றியா?"

அவர் ஒரு காருக்கு அடியில் படுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முதலாளி ஆனபிறகு குனிவதையே விட்டிருந்தார். சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்தி உந்தி உள்ளே போனார். வயிறு மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூச்சை வெளியே விட்டு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார். ஆர்ம் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கடைசிப் போல்ட்டு தளர்ந்ததும், கார் நீளமாகப் பெருமூச்சு விட்ட மாதிரி பின்பக்கம் கீழே இறங்கியது.

இறங்கும்போது மேலே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஸ்பிரிங் அதன் இருக்கையில் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஷாக்கு எங்கேயும் இடிக்கவில்லை. ஆர்ம் நீளம் மயிரிழை கூட மாறவில்லை. இடுக்குகளில் விரல் விட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. அடியில் படுத்திருந்ததால் அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

"எல்லாரும் ஏறி உக்காருங்க!" என்று அடியிலிருந்து கத்தினார்.

"யாரு?"

"எல்லாரும்தான்! வண்டி எப்பவும் சுமக்கற கனம் இருக்கணும். என் தங்கச்சியைக் கூப்பிடுங்க."

தங்கை வரமாட்டேன் என்றாள். மகள் போய் என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துக் கைத்தடி தட்டுகிற சத்தமும் ஒற்றைச் செருப்பு தேய்கிற சத்தமும் வந்தன. கதவு திறந்தது. தலையணை, பிறகு அவள், பிறகு அந்த நீட்டிய கால். முன் சீட்டில் கேட்லாக். பின்னால் அம்மாவோடு மகள். கார் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, பட்டறைக்காரரின் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

இத்தனை வருஷத்தில் கேட்லாக் குடும்பத்துக்கு ஒரு உபயோகமாக இருந்தது அன்றைக்குத்தான். மூட்டையாக.

"ஆடுங்க! மேலயும் கீழயும் ஆட்டுங்க! ரப்பர் தன் இடத்துல உக்காரட்டும். மாப்பிள்ளை, நீங்க நல்லா ஆடுங்க, அதுக்குப் படிப்பு வேணாம்."

மேலே தங்கை முதல் தடவையாகச் சிரித்தது கேட்டது. சீட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் படுத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்கிறபோது, அது நேரே அவர் நெஞ்சின் மேல் விழுந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினார். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு வசவு. எல்லாம் 'நீங்க' போட்டு.

வெளியே வந்தபோது கார் கார் மாதிரி நின்றது. வால் இறங்கியிருந்தது. கேட்லாக் மகளையும் மனைவியையும் வைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். பட்டறைக்காரர் வாசலில் நின்று முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்று கேட்டார்.

"பரவாயில்ல" என்றாள் தங்கை. அவள் பரவாயில்ல என்றால் வேறொருத்தி பிரமாதம் என்பாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பின்னால் தங்கை மட்டும். தெருக்கோடி வேகத்தடையில் ஏறி இறங்கிய உடனே காரை நிறுத்தச் சொல்லி, அங்கிருந்தபடியே அண்ணனுக்குப் போன் போட்டாள். பட்டறையைத் திறந்துகொண்டிருந்தவர் சாவியோடு ஓடினார். ஆட்களும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தார்கள்.

"மறுபடி தூக்குது அண்ணே. நேத்து மாதிரி இல்ல."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "பெரிய மாடல் ஸ்பிரிங் இல்லயா? அது பெரிய வண்டியச் சுமந்து பழகினது. உன் ஒருத்தி உடம்பு அதுக்குத் தூசி. பின்னாடி கனம் இருந்தா மெத்துனு போகும். மணல் மூட்டை ஒண்ணு போட்டுடலாம்."

பட்டறையிலிருந்து மணல் மூட்டை வந்தது. டிக்கியில் போட்டார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். வளைவில் மூட்டை உருண்டுபோய் இடித்ததாம். கயிறு போட்டுக் கட்டினார்கள். அதுவும் முடிச்சு நழுவிற்று. கேட்லாக் வாயைத் திறந்தார்: "மச்சான், இதே கம்பெனியோட வேன்ல ஒரு கொக்கி..."

"நீங்க பேசாதீங்க!"

தங்கை கதவுக் கண்ணாடியை இறக்கினாள். "அண்ணே, மூட்டை வேணாம். நீ ஏறு."

"நானா?"

"உன்னைத் தவிர இந்தத் தெருவுல அவ்வளவு கனம் யாரு இருக்கா?"

ஆட்களில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நான் இதுல கால் வைக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன். இவனுங்க எல்லாரும் கேட்டிருக்கானுங்க. என் பேச்சு என்ன ஆகறது?"

"உன் பேச்சு மடங்கலன்னா என் கால் மடங்காது. எது வேணும்னு நீயே சொல்லு. அழமாட்டேன், எறங்கி வீட்டுக்குப் போயிடறேன்."

அழமாட்டேன் என்றாள் பாருங்கள், அங்கேதான் அவர் தோற்றார். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஆட்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் பட்டறைக்கு ஓடினார்கள்; இரும்பு தட்டுகிற சத்தம் உடனே கேட்டது. அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் பணிவாக அமுங்கியது. காலை வைக்க இடமில்லாமல் தங்கை அவர் மடியில் காலை நீட்டினாள்.

அன்றிலிருந்து வாராவாரம் பட்டறை வாசலில் அந்த அலமாரி வந்து நிற்கும். ஸ்கூட்டரிலிருந்து பிடுங்கி மாட்டிய ஹாரன் 'கீ' என்று கத்தும். எத்தனையோ வண்டிகளைத் தன் வாசலில் காத்திருக்க வைத்தவர், அந்தச் சத்தத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார். மடியில் தங்கையின் காலை வாங்கிக்கொண்டு மூட்டையாக உட்காருவார். முன்னால் கேட்லாக் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார்: எப்படிக் கண்டுபிடித்தார், போல்ட்டெல்லாம் எப்படி விரலாலேயே ஏறியது, ஊரில் யாரும் நம்பாதபோது தான் மட்டும் எப்படி நம்பினார் என்று. வழியில் ஏறுகிற தெரிந்தவர்களிடமும் சொல்லுவார். முறுக்கின கதையை மட்டும் சொல்லமாட்டார். அந்த ஆளுக்கு வெட்கம் என்ற சாமானை எந்தக் கம்பெனியும் செய்து கொடுக்கவில்லை.

பட்டறைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். வேகத்தடை வரும். கார் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். தங்கை கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம், திரும்பி வருகிற வழியில், அவள் தூக்கத்தில் காலை இழுத்துக்கொண்டாள். மடியிலிருந்த கனம் நகர்ந்ததும் அவர் குனிந்து பார்த்தார். முழங்கால் மடங்கி, சீட்டின் மேல் சின்னக் கூடாரம் மாதிரி நின்றது. அவர் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான்" என்றார் கேட்லாக் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அடுத்து முன்பக்கத்தையும் அந்த மாடல்ல இருந்தே மாத்திடலாமா? ஒரே கம்பெனிதானே?"

"மெல்லப் பேசுங்க மாப்பிள்ளை, தூங்கறா" என்றார் பட்டறைக்காரர். "மாத்தறதுன்னா பட்டறைக்குக் கொண்டாங்க. உங்க கையால ஒரு நட்டு கூட முறுக்கக் கூடாது."